ஒலியில்லாத எழுத்து, அலைநீளமில்லாத நிறம்

1993 ஜூன் 7. அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் பிறந்து வளர்ந்த பாடகர் பிரின்ஸுக்கு அன்று 35 வயது நிறைந்தது. அந்தப் பிறந்தநாளில் அவர் தன் பெயரைத் துறந்தார். இனி ஒரு வடிவம்தான் தன் பெயர் என்று அறிவித்தார். மேலே ஒரு வட்டம். அதிலிருந்து இறங்கும் தண்டு. தண்டின் அடியில் அம்புமுனை. நடுவே குறுக்காக ஒரு கோடு. ஒரு முனையில் சுருண்டு, மறுமுனையில் எக்காளத்தின் வாய்போல விரியும். இதை எப்படிச் சொல்லிக் கூப்பிடுவது என்று எல்லோரும் கேட்டார்கள். அதற்கு உச்சரிப்பே கிடையாது.

பத்திரிகைகள் திண்டாடின. விசைப்பலகையில் இல்லாத ஒன்றை எப்படி அச்சிடுவது? கடைசியில் அந்த வடிவத்தைக் கொண்ட எழுத்துருவை ஃப்ளாப்பி டிஸ்கில் பதிந்து பத்திரிகை அலுவலகங்களுக்கு அனுப்ப வேண்டியதாயிற்று. 1990-களில் கணினியில் தமிழ் தட்டியவர்களுக்கு இந்தப் பாடு நன்றாகவே தெரியும். எழுத்துருக் கோப்பு கூடவே போகாவிட்டால், போய்ச் சேர்ந்த இடத்தில் நம் கட்டுரை வெறும் கிறுக்கலாகத்தான் தெரியும். வாயால் சொல்லவும் ஒரு வழி வேண்டுமே என்று, 'முன்பு பிரின்ஸ் என்று அறியப்பட்ட கலைஞர்' என்ற நீண்ட தொடரைச் செய்தியாளர்கள் கையாண்டார்கள்.

அவர் பாடல்களை வெளியிட்ட வார்னர் நிறுவனத்தோடு அவருக்கு இருந்த சண்டைதான் இதன் உடனடிக் காரணம். தான் எழுதும் வேகத்துக்குப் பாடல்களை வெளியிட வேண்டும் என்பது அவர் விருப்பம். இடைவெளி விட்டு வெளியிட்டால்தான் விற்கும் என்பது நிறுவனத்தின் கணக்கு. தன் பெயரே விற்பனைச் சரக்காகிவிட்டது என்று சொல்லி, கன்னத்தில் 'அடிமை' என்று எழுதிக்கொண்டு மேடையேறினார். ஆனால் இந்தக் கட்டுரைக்கு அந்த ஒப்பந்தத் தகராறு முக்கியமில்லை. ஒலியே இல்லாத ஒரு குறி எப்படி ஒரு மனிதரின் பெயராக நிலைத்தது என்பதும், அவரோடு ஒட்டிக்கொண்ட கத்தரிப்பூ நிறம் உண்மையில் என்ன என்பதும்தான் கேள்வி. இரண்டுக்கும் விடை நம் கண்ணுக்குப் பின்னால் இருக்கிறது.

முதலில் வடிவம். அதன் உறுப்புகள் புதியவை அல்ல. வட்டமும் அம்பும் சேர்ந்தது செவ்வாய்க் கோளின் குறி. வட்டமும் சிலுவையும் சேர்ந்தது வெள்ளியின் குறி. இரசவாதிகள் முன்னதை இரும்புக்கும் பின்னதைச் செம்புக்கும் எழுதிவந்தார்கள். ஸ்வீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் 1751-ல் அவற்றை எடுத்து ஆண், பெண் தாவரங்களைக் குறிக்கப் பயன்படுத்தினார். அன்றுமுதல் அவை உயிரியலின் ஆண்குறியீடும் பெண்குறியீடும் ஆயின. இன்று கழிப்பறைக் கதவிலும் அவற்றைப் பார்க்கிறோம். ஆக, வானியலில் பிறந்து உலோகத்துக்குப் போய், பூவுக்கு வந்து, மனிதருக்கு வந்த குறிகள் இவை. குறிக்கென்று பிறவிப்பொருள் எதுவும் இல்லை, புழக்கம்தான் அதற்குப் பொருள் தருகிறது என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டாம்.

இரண்டையும் ஒன்றாகப் பிணைக்கும் எண்ணம் பிரின்ஸிடம் நெடுநாளாகவே இருந்தது. லேஸ் சட்டை, குதிகால் உயர்ந்த காலணி, கண்மை, பெண்குரலுக்கு எட்டும் உச்சக்குரல் என்று ஆண், பெண் என்ற வேலிக்கு இருபுறமும் நடந்த கலைஞர் அவர். 1992 இசைத்தொகுப்புக்காக மினியாபொலிஸ் வடிவமைப்பாளர்கள் மிட்ச் மான்சனும் லிஸ் லூஸும் வரைந்த வடிவத்தில் அந்த இரண்டு குறிகளோடு எக்காளம் போன்ற வளைவும் சேர்ந்தது. பார்த்தால் சமச்சீரில்லை. இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒன்றுபோல் இல்லாத அந்தக் கோணல்தான் அதற்கு உயிர் தருகிறது என்பது என் எண்ணம். அளவுகோல் வைத்துச் சரிபாதியாக வரைந்திருந்தால் அது ஏதோ ஒரு நிறுவனத்தின் முத்திரைபோல இருந்திருக்கும்.

இதைக் கண்டதும் மூளையில் என்ன நடக்கிறது? வாசிக்கத் தெரிந்தவரின் மூளை, எழுத்தைக் கண்டால் வாசிக்காமல் இருக்க முடியாது. 1935-ல் ஜான் ரிட்லி ஸ்ட்ரூப் வெளியிட்ட சோதனை இதைக் காட்டியது. 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதிக் கொடுத்து, மையின் நிறத்தைச் சொல் என்றால் நாக்கு தடுமாறும். கேட்காமலே மூளை சொல்லைப் படித்துவிடுகிறது, அதன் ஒலியும் பொருளும் முந்திக்கொண்டு வருகின்றன. இடப்பக்க மூளையின் அடிப்புறத்தில் எழுத்துகளை இனங்காணும் ஒரு பகுதி இருப்பதை 2000-ஆம் ஆண்டு லோரன் கோஹன், ஸ்டானிஸ்லாஸ் டஹான் உள்ளிட்ட ஆய்வாளர்கள் விவரித்தார்கள். அங்கிருந்து ஒலிக்குப் போகும் பாதை பழகிப் பழகித் தேய்ந்த ஒற்றையடிப்பாதை.

பிரின்ஸின் குறி எழுத்தின் சாயலில் இருக்கிறது. பத்தியின் நடுவே, பெயர் வரவேண்டிய இடத்தில் வருகிறது. வாசித்துக்கொண்டே வரும் கண் அங்கே இடறி நிற்கிறது. ஒலி வரவில்லை. வராத ஒலிக்குப் பதிலாக அந்த மனிதரின் உருவமோ பாட்டோ நினைவில் எழுகிறது. சாதாரணப் பெயரை ஒரு நொடிக்குள் கடந்துவிடுவோம். இதைக் கடக்க முடியாது. வரிசையில் தனித்து நிற்பதே நினைவில் தங்கும் என்று 1933-ல் ஹெட்விக் ஃபோன் ரெஸ்டார்ஃப் சோதித்துக் காட்டியது இங்கே அப்படியே பொருந்துகிறது.

ஒலி இல்லை என்றேன். ஆனால் வடிவத்துக்குள் ஒலியின் நிழல் இருக்கிறது என்கிறது இன்னொரு சோதனை. அதில் நமக்கும் பங்கு உண்டு. கூர்கூரான முனைகள் கொண்ட ஒரு வடிவம், குமிழ்குமிழாக வளைந்த ஒரு வடிவம் இரண்டையும் காட்டி, இவற்றில் 'கிகி' எது, 'பூபா' எது என்று கேட்பார்கள். கிட்டத்தட்ட எல்லோரும் கூரானதைக் கிகி என்பார்கள், வளைந்ததைப் பூபா என்பார்கள். ஜெர்மானிய உளவியலாளர் வுல்ஃப்காங் கோலர் 1929-லேயே வேறு சொற்களை வைத்து இதைத் தொடங்கிவைத்தார். 2001-ல் இதைக் கிகி, பூபா என்று மாற்றி மீண்டும் செய்தவர்கள் தமிழ்நாட்டில் பிறந்த நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரனும் எட்வர்ட் ஹப்பார்டும். அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடமும், இந்தியாவில் தமிழ் பேசுவோரிடமும் கேட்டார்கள். இரு தரப்பிலும் 95 விழுக்காட்டுக்கு மேல் ஒரே விடை.

'ஆங்கில எழுத்தில் கே கூராக இருக்கிறது, பி உருண்டையாக இருக்கிறது, அதைப் பார்த்துத்தானே சொல்கிறார்கள்?' என்று சிலர் ஐயப்பட்டார்கள். நம் எழுத்தைப் பாருங்கள். 'ப' மூலைகள் கொண்ட திறந்த பெட்டி. 'கி'-யின் கொக்கியோ அழகாக வளைகிறது. எழுத்து வடிவம் நேர் எதிராக இருந்தும் தமிழ்க் காது மற்றவர்களைப் போலவே தீர்ப்புச் சொல்கிறது. பின்னர் 25 மொழிகளில் 917 பேரிடம் நடத்திய பெரிய ஆய்வு 2022-ல் வெளிவந்தது. மொத்தத்தில் 72 விழுக்காட்டினர் அதே பொருத்தத்தைச் சொன்னார்கள்; எழுத்துமுறை மாறினாலும் போக்கு மாறவில்லை. கூர்மைக்கும் வெட்டொலிக்கும், வளைவுக்கும் உருண்ட ஒலிக்கும் ஏதோ ஓர் உறவு பெரும்பாலான மனித மூளைகளில் இருக்கிறது.

வளைவும் கூர்மையும் உணர்ச்சியையும் தொடுகின்றன. மோஷே பார், மைட்டல் நேட்டா இருவரும் 2006-ல் செய்த ஆய்வில், ஒரே பொருளின் வளைந்த வடிவையும் கூர்விளிம்பு வடிவையும் காட்டியபோது மக்கள் வளைந்ததையே அதிகம் விரும்பினார்கள். அடுத்த ஆண்டு மூளைப் படங்கள் எடுத்துப் பார்த்தபோது, கூர்விளிம்புகளைக் காணும்போது அச்சத்தோடு தொடர்புடைய அமிக்டலா பகுதி கூடுதலாக இயங்கியது. பிரின்ஸின் குறியில் இவை இரண்டும் ஒன்றாக இருக்கின்றன. வட்டமும் சுருளும் அழைக்கின்றன, அம்புமுனை எச்சரிக்கிறது. ஆண், பெண் குறியீட்டை அறியாத ஒரு குழந்தைக்கும் அந்த இழுபறி கண்ணில் படும்.

இந்த வடிவம் எவ்வளவு வலுவானது என்பதற்கு ஒரு நீதிமன்ற வழக்கே சான்று. குறியின் வடிவத்திலேயே ஒருவர் கிதார் ஒன்றைச் செய்தார். பிரின்ஸும் பின்னர் அதே வடிவக் கிதாரை வாசித்தார். தன் வடிவத்தை பிரின்ஸ் எடுத்துக்கொண்டார் என்று கிதாரைச் செய்தவர் வழக்குத் தொடுத்தார். 2000-ல் சிகாகோ மேல்முறையீட்டு நீதிமன்றம், மூலக் குறி பிரின்ஸுடையது, அனுமதியின்றி அதிலிருந்து பிறந்த படைப்புக்குத் தனிப் பதிப்புரிமை கோர முடியாது என்று தீர்ப்பளித்தது. தாளில் தட்டையாக இருந்த குறி மரமாகி, கம்பி கட்டி, கழுத்து நீண்டு கிதாரான பிறகும் அது அதே குறிதான் என்று எல்லோருக்கும் தெரிகிறது! ஆஸ்திரியத் தத்துவவாதி கிறிஸ்டியான் ஃபோன் ஏரன்ஃபெல்ஸ் 1890-லேயே இதைச் சொன்னார். அவர் எடுத்த உதாரணம் இசை. ஒரு மெட்டைச் சுருதி மாற்றிப் பாடினால் ஒரு ஸ்வரம்கூடப் பழைய அதிர்வெண்ணில் இருக்காது. ஆனாலும் அது அதே மெட்டு. மூளை உறுப்புகளைப் பிடித்துவைப்பதில்லை, உறுப்புகளுக்கு இடையிலான உறவைப் பிடித்துவைக்கிறது. கர்நாடக சங்கீதம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாடகர் ஒன்றரைக் கட்டையில் பாடினாலும் பாடகி ஐந்து கட்டையில் பாடினாலும் கல்யாணி கல்யாணிதான்.

இனி நிறம். தமிழில் இங்கே ஒரு சிக்கல் உண்டு. பள்ளிப் புத்தகத்தில் வானவில்லின் முதல் நிறம் ஊதா. ஜவுளிக்கடையில் கத்தரிப்பூ நிறம் என்று கேட்டால் கிடைப்பது சற்றே சிவப்பு கலந்தது. இலங்கைத் தமிழர் அதை நாவல் நிறம் என்பார்கள். பேச்சில் எல்லாவற்றையும் ஊதா என்று ஒரே கூடையில் போட்டுவிடுகிறோம். அறிவியலில் அவை வெவ்வேறு.

வானவில்லின் ஊதாவுக்கு ஒரு முகவரி உண்டு: சுமார் 400 நானோமீட்டர் அலைநீளம். கத்தரிப்பூ நிறத்துக்கு அப்படி ஒரு முகவரி இல்லை. முப்பட்டகத்தால் சூரிய ஒளியை எவ்வளவு பிரித்தாலும் அது வெளியே வராது. ஏனென்றால் அது ஒளியில் இல்லை. சிவப்பு ஒளியும் நீல ஒளியும் ஒரே இடத்திலிருந்து கண்ணுக்கு வரும்போது மூளை அதை உண்டாக்குகிறது.

கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். விழித்திரையில் மூன்று வகைக் கூம்பு செல்கள் உண்டு. ஒன்று 420 நானோமீட்டர் அருகிலும், இன்னொன்று 530 அருகிலும், மூன்றாவது 560 அருகிலும் அதிகம் தூண்டப்படும். எந்த வகை எவ்வளவு தூண்டப்பட்டது என்ற ஒப்பீட்டைத்தான் மூளை நிறமாகப் படிக்கிறது. மஞ்சள் ஒளி நடு அலைக் கூம்பையும் நீள அலைக் கூம்பையும் சேர்த்துத் தூண்டும். பச்சையும் சிவப்புமான இரண்டு ஒளிகள் கலந்தாலும் அதே தூண்டல்தான், எனவே அதுவும் மஞ்சள். இதுவரை கணக்கு ஒழுங்காக இருக்கிறது. இப்போது 650 நானோமீட்டர் சிவப்பையும் 450 நானோமீட்டர் நீலத்தையும் கலக்கிறோம். சராசரி 550. அது பச்சைப் பகுதி. ஆனால் பச்சையைக் காட்ட வேண்டிய நடு அலைக் கூம்பு அடங்கிக் கிடக்கிறது. இரண்டு ஓரங்கள்தான் குரல் கொடுக்கின்றன. எந்தத் தனி அலைநீளமும் இப்படி ஒரு செய்தியை அனுப்பாது. மூளை அதற்கென்று ஒரு புது நிறத்தைப் படைத்துவிடுகிறது.

நியூட்டன் 1704-ல் வெளியிட்ட தன் ஒளியியல் நூலில் நேர்க்கோடாகக் கிடந்த நிறமாலையை வளைத்து வட்டமாக்கினார். சிவப்பு முனையும் ஊதா முனையும் அங்கே தொட்டுக்கொண்டன. இயற்பியலில் அந்த இரு முனைகளும் ஒன்றுக்கொன்று மிகத் தொலைவானவை. நம் பார்வையில்தான் அவை அண்டை வீட்டார். 1931-ல் வகுக்கப்பட்ட சர்வதேச நிற வரைபடத்திலும் குதிரைலாடம்போல வளைந்த நிறமாலையின் இரு முனைகளையும் அடியில் ஒரு நேர்க்கோடு இணைக்கும். அந்தக் கோட்டில் உள்ளவை அத்தனையும் கத்தரிப்பூ, மெஜந்தா வகை நிறங்கள். எதற்கும் சொந்த அலைநீளம் இல்லை.

ஒலியில்லாத பெயரைத் தேர்ந்த மனிதரின் நிறம், அலைநீளமில்லாத நிறம். பிரின்ஸ் இதை இயற்பியல் படித்துத் தேர்ந்தார் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் குறியும் நிறமும் நம் மண்டைக்குள் வந்துதான் முழுமையடைகின்றன என்பது உண்மை.

அந்த நிறத்துக்கு அரச வாடை எப்படி வந்தது? விலையால் வந்தது. பழைய ஃபினீசியரின் டைர் நகரத்தில் கடல்நத்தைகளிலிருந்து அந்தச் சாயத்தை எடுத்தார்கள். 1909-ல் வேதியியலாளர் பால் ஃப்ரீட்லேண்டர் 12,000 நத்தைகளைப் பிழிந்து 1.4 கிராம் சாயம்தான் பெற்றார். அதன் வேதியமைப்பைக் கண்டுபிடிக்க அது போதுமானதாக இருந்தது. கி.பி. 301-ல் ரோமப் பேரரசர் டயோக்லீஷியன் விதித்த விலைப்பட்டியலில் இந்தச் சாயமேற்றிய பட்டு ஒரு பவுண்டுக்கு 1,50,000 டெனாரியஸ். அதே பட்டியலில் பண்ணைக் கூலியாளின் நாள்கூலி 25 டெனாரியஸ். அதாவது ஒரு கூலியாள் 6,000 நாள், பதினாறு ஆண்டுக்கு மேல், ஒரு காசுகூடச் செலவழிக்காமல் சேர்த்தால் ஒரு பவுண்டு பட்டு. அரசர் மட்டுமே உடுத்த முடிந்ததால் அது அரசரின் நிறமாயிற்று.

1856-ல் லண்டனில் 18 வயது வில்லியம் பெர்கின் மலேரியாவுக்கான கொய்னாவைச் செயற்கையாகச் செய்யப் பார்த்து, தாரிலிருந்து கிடைத்த பொருளில் எதிர்பாராமல் ஊதாச் சாயத்தைக் கண்டெடுத்தார். 1858-ல் விக்டோரியா அரசி தன் மகளின் திருமணத்துக்கு அந்த வகை நிறத்தில் உடுத்தி வந்தார். அதன்பின் கடைத்தெருவில் எல்லோருக்கும் அது கிடைத்தது. விலை போயிற்று, வாடை போகவில்லை. தந்தையின் ஜாஸ் மேடைப் பெயரான 'பிரின்ஸ் ரோஜர்ஸ்' என்பதையே பிறப்புப் பெயராகப் பெற்ற கறுப்பினப் பையன், இளவரசன் என்ற அந்தப் பெயருக்கேற்ப அரசரின் நிறத்தை எடுத்து அணிந்தபோது, அதில் அத்தனை நூற்றாண்டு விலையும் ஏறியிருந்தது. 1984-ல் 'பர்ப்பிள் ரெயின்' படமும் இசைத்தட்டும் வந்தன. இசைத்தட்டு 24 வாரம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அந்த நிறம் அன்றே அவர் பெயருக்கு எழுதப்பட்டுவிட்டது.

சிவப்பு கோபம், நீலம் நம்பிக்கை, ஊதா ஆடம்பரம் என்று அட்டவணை போட்டு விற்கிறவர்கள் நிறைய இருக்கிறார்கள். அதை நம்பிக் கடைக்கும் பள்ளிக்கும் சாயம் பூசுகிறவர்களும் இருக்கிறார்கள். அந்த அட்டவணைகளுக்கு அறிவியல் அடிப்படை மிகக் குறைவு. ஸ்டீபன் பால்மரும் கேரன் ஷ்லாஸும் 2010-ல் முன்வைத்த விளக்கம் இதைவிட நேர்மையானது. எந்தப் பொருள்களோடு ஒரு நிறத்தை அனுபவித்தோமோ அந்தப் பொருள்கள் மீதான விருப்பு வெறுப்பே நிறத்தின் மீதும் படிகிறது. தெளிந்த வானமும் நல்ல தண்ணீரும் நீலத்துக்கு ஆதரவாளர்களைச் சேர்க்கின்றன; அழுகியதும் கழிவும் பழுப்புக்கு எதிரிகளைச் சேர்க்கின்றன. அடுத்த ஆண்டு பெர்க்லி, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மாணவர்களிடம் பார்த்தார்கள். தன் கல்லூரிமீது பற்று அதிகமாக அதிகமாக, அதன் நிறத்தின் மீதான விருப்பமும் கூடியிருந்தது. பற்று முதலில், நிறம் பிறகு.

பிரின்ஸின் ரசிகர்களுக்கும் இதுதான் நடந்தது. பாட்டு நன்றாக இருந்தது, மேடை நன்றாக இருந்தது, அந்த மேடையில் அடிக்கடி அந்த நிறம் இருந்தது. பாட்டின் மீதிருந்த அன்பு நிறத்தில் இறங்கியது. அவர் 2016 ஏப்ரல் 21-ல் இறந்தபோது ஊர்ஊராகக் கட்டடங்களும் பாலங்களும் அந்த ஒளியில் நின்றன. யாரும் விளக்கப் பலகை வைக்கவில்லை. 2017-ல் நிறங்களைத் தரப்படுத்தும் பாண்டோன் நிறுவனம் அவருடைய யமஹா பியானோவின் நிறத்தை ஒட்டி 'லவ் சிம்பல் #2' என்று ஒரு நிறத்துக்கே பெயரிட்டது. அதே ஆண்டு அவர் சகோதரி டைக்கா சொன்னார்: வீட்டில் அவருக்கு மிகவும் பிடித்த நிறம் ஆரஞ்சு. தனக்குப் பிடித்ததை அவர் வீட்டில் வைத்துக்கொண்டார்; மேடைக்குத் தன் பெயருக்குப் பொருந்தியதை எடுத்துச் சென்று, முப்பது ஆண்டுகளுக்கு மேல் அதைத் திரும்பத் திரும்பக் காட்டினார். கலைஞரின் முத்திரையில் அந்த விடாப்பிடிதான் பாதி வேலையைச் செய்கிறது.

வார்னரோடு இருந்த வெளியீட்டு ஒப்பந்தம் 1999 டிசம்பர் 31-ல் முடிந்தது. 2000 மே மாதத்தில் பிரின்ஸ் தன் பழைய பெயரை மீண்டும் சூடிக்கொண்டார். குறியை மட்டும் கைவிடவில்லை. 2007 பிப்ரவரி 4, மயாமியில் சூப்பர் பவுல் என்னும் அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டத்தின் இடைவேளை. மேடை முழுவதும் அந்தக் குறியின் வடிவத்தில் அமைந்திருந்தது. அன்று கொட்டிய மழை உண்மையான மழை. ஊதா ஒளியில், நனைந்துகொண்டே அவர் 'பர்ப்பிள் ரெயின்' பாடினார்.

இந்தக் கட்டுரையை முடித்ததும் ஒரு காரியம் செய்து பாருங்கள். செல்போன் திரையில் கத்தரிப்பூ நிறப் படம் ஒன்றைத் திறந்து, அதன்மேல் கடுகளவு தண்ணீர்ச் சொட்டு வையுங்கள். சொட்டு ஒரு லென்ஸ்போல வேலை செய்து திரையின் புள்ளிகளைப் பெரிதாக்கிக் காட்டும். சிவப்புப் புள்ளிகள் எரியும், நீலப் புள்ளிகள் எரியும், பச்சைப் புள்ளிகள் அணைந்தோ மங்கியோ இருக்கும். கத்தரிப்பூ நிறப் புள்ளி ஒன்றுகூட அங்கே இருக்காது.